மணிக்கு ஐந்து நிமிடம்: அமெரிக்க வானொலியில் செய்தி தேய்ந்த கதை (கேள்வி பதில்)

அமெரிக்க வணிக வானொலிகளில் மணிக்கொரு தடவை வந்துகொண்டிருந்த நெட்வொர்க் செய்தி ஏன் இப்படித் தேய்ந்துபோனது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒஹாயோவில் ஒரு சின்ன ஏஎம் நிலையத்தில் கொஞ்ச காலம் இரவு வேலை பார்த்தவன் என்ற முறையிலும், இந்த வரலாற்றை விடாமல் படிப்பவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன்.

நெட்வொர்க் செய்தி என்றால் என்ன சார்? அந்தந்த நிலையமே செய்தி வாசிக்காதா? (சேலம் வாசகர்)

உள்ளூர்ச் செய்தியை வாசிக்கும். உலகச் செய்தி, வாஷிங்டன் செய்தியெல்லாம் சேகரிக்க ஒரு சின்ன ஊர் நிலையத்துக்கு ஆள் ஏது? சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, மியூச்சுவல் போன்ற நெட்வொர்க்குகள் அதைத் தயாரித்து அனுப்பும். மணி அடிக்கிற நேரத்துக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே குரலுக்கு மாறும். ஐந்து ஆறு நிமிடம் கழித்து மறுபடி அவரவர் பாட்டு.

மாறுகிற அந்த நொடிதான் எங்கள் வேலையில் படபடப்பான இடம். மணி ஆவதற்குச் சற்று முன் நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும், அது சட்டம். அதற்குள் பாட்டு முடிய வேண்டும். பாட்டு நம் சௌகரியத்துக்கா முடியும்? அதனால் வெறும் வாத்திய இசை ஒன்றை எடுத்து, அதன் நீளத்தைக் கணக்குப் போட்டு, சத்தத்தை அடியோடு குறைத்து முன்கூட்டியே ஓட விடுவோம். பாட்டு முடிந்ததும் இதன் சத்தத்தை ஏற்றினால், நடுவிலிருந்து கேட்டாலும் மிகச் சரியாக முடியும். நிலையத்தின் பெயர், ஒரு மூச்சு, அப்புறம் நெட்வொர்க்கின் அடையாள ஒலி. ஒரு நொடி பிசகினாலும் செய்தியாளரின் முதல் வார்த்தை போய்விடும். பிற்பாடு இதையெல்லாம் கணினி பார்த்துக்கொண்டது, என் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா? (கோவை வாசகி)

இல்லை அம்மா. ஆரம்பத்தில் வானொலியில் செய்தியே வரக்கூடாது என்று பத்திரிகைகள் சண்டை போட்டன. 1933 கடைசியில் நியூயார்க்கின் பில்ட்மோர் ஓட்டலில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு ஐந்து நிமிடச் செய்தி. காலையில் ஒன்பதரைக்கு மேல், இரவில் ஒன்பதுக்கு மேல். அதாவது பேப்பர் விற்றுத் தீர்ந்த பிறகு. விளம்பரமும் கூடாது. ரொம்ப நாள் தாங்கவில்லை. யுனைடெட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்களே வானொலிக்கு விற்கத் தொடங்கியதும் ஒப்பந்தம் காற்றில் போனது.

நிலைமையை முழுசாகப் புரட்டிப் போட்டது 1938 மார்ச் 13. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த வாரம். சிபிஎஸ்ஸின் வில்லியம் ஷைரர் வியன்னாவில்தான் இருந்தார், ஆனால் அங்கே ஒலிபரப்ப விடவில்லை. விமானம் ஏறி லண்டன் போய்ப் பேசினார். அவர் இடத்துக்குச் சக சிபிஎஸ்காரர் எட்வர்ட் மரோ வியன்னாவுக்குப் போனார். ஞாயிறு இரவு நியூயார்க்கில் ராபர்ட் டிரவுட் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட, பல ஐரோப்பியத் தலைநகரங்களின் குரல்கள் ஒரே அரைமணி நிகழ்ச்சியில் நேரடியாக வந்தன. வேர்ல்ட் நியூஸ் ரவுண்டப் பிறந்தது அன்றுதான். இன்றைக்கு டிவியில் பார்க்கிற 'நம் செய்தியாளரிடம் செல்வோம்' வகையறாவுக்கெல்லாம் தாத்தா அது.

இன்டர்நெட் வந்ததால்தானே செத்தது? (டல்லஸ் வாசகர்)

எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சரிவு ஆரம்பித்தபோது யார் வீட்டிலும் இன்டர்நெட் கிடையாது.

பணம் எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். பழைய நாளில் தன் நிகழ்ச்சியை ஒலிபரப்பியதற்காக நெட்வொர்க் நிலையத்துக்குக் காசு கொடுத்தது. பிற்பாடு அது பண்டமாற்றாக மாறியது: செய்தி இலவசம், பதிலுக்கு உன் விளம்பர நேரத்தில் ஒரு பங்கைக் கொடு. செய்திக்குள் வருகிற விளம்பரம் மட்டும் போதாது, நாளின் வேறு நேரங்களிலும் இடம் கேட்பார்கள். அந்த இடத்தை நிலைய முதலாளி உள்ளூர்க் கார் கடைக்கு விற்றால் காசு. அப்புறம் செய்தி அவர் கண்ணுக்குச் செலவாகத்தானே தெரியும்?

செலவென்றாலும் முன்பெல்லாம் அதை விடமுடியாது. பொழுதுபோக்கு அல்லாத நிகழ்ச்சி ஏஎம்மில் 8 சதவீதம், எஃப்எம்மில் 6 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று எஃப்சிசி என்கிற ஒழுங்குமுறை ஆணையம் ஓர் அளவுகோல் வைத்திருந்தது. குறைந்தால் உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அந்தக் கணக்கை நிரப்ப மணிக்கு ஐந்து நிமிடச் செய்தி ரொம்ப வசதி. 1981இல் அந்த அளவுகோலை எடுத்துவிட்டார்கள். நெட்வொர்க் செய்தியின் சாவுக்கு ஒரு தேதி குறிக்கச் சொன்னால் நான் அந்த ஆண்டைத்தான் குறிப்பேன்.

மற்றது வியாபாரம். வெஸ்ட்வுட் ஒன் என்ற கம்பெனி 1985இல் மியூச்சுவலை வாங்கியது, 1987இல் என்பிசியின் வானொலி நெட்வொர்க்கையும் வாங்கியது. கொஞ்ச நாளில் இரண்டு பெயரிலும் வந்த செய்தி ஒரே செய்தி அறையில் தயாரானது. 1999இல் மியூச்சுவல் என்ற பெயரே மறைந்தது.

பாட்டு போடும் எஃப்எம்களில் ஏன் முதலில் நின்றது அண்ணா? (சிங்கப்பூர் வாசகி)

பேச்சு வந்ததும் நேயர் வேறு நிலையத்துக்கு ஓடிவிடுவார் என்ற பயம்தான். ஏபிசி இதை ரொம்ப முன்பே புரிந்துகொண்டு 1968இல் ஒரே நெட்வொர்க்கை நாலாக உடைத்தது. இளைஞர் பாட்டு நிலையத்துக்கு ஒரு நடை, எஃப்எம்முக்கு ஒன்று, செய்தி விரும்பும் நிலையத்துக்கு வேறு என்று. அந்தத் தந்திரம் நன்றாகவே ஓடியது. பிறகு 2007 வாக்கில், நேயர் இடுப்பில் செருகிக்கொள்ளும் கருவி எந்த நிலையத்தைக் கேட்கிறார் என்பதை நிமிட வாரியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன் நேயர் டைரியில் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்ததுதான் கணக்கு. எந்த நிமிடத்தில் ஆள் போகிறார் என்று திரையில் தெரிந்த பிறகு, செய்திக்காக வாதாட நிர்வாகத்தில் யாரும் இல்லை.

ஊருக்கு ஆபத்து என்றால் யார் சொல்வார்கள்? (மதுரை வாசகர்)

வடக்கு டகோட்டாவில் மைனாட் என்று ஓர் ஊர். 2002 ஜனவரி 18 நள்ளிரவு தாண்டி ரயில் தடம்புரண்டு அமோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்களுக்கு மூச்சுத் திணறல். ஊரின் ஆறு வணிக நிலையங்கள் கிளியர் சானல் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தன. போலீஸ் போன் செய்தபோது எடுக்க ஆள் கிடைக்கவில்லை. நிலையம் வழியாக அவசர எச்சரிக்கை ஒலிபரப்பும் கருவியை போலீஸ் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று கம்பெனி சொன்னது. அதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிலையத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் கருவியைப் பற்றிய விவாதமே வந்திருக்காது. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு கம்பெனி நாடு முழுக்க எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றாக்கியதன் பலன் இது. கிளியர் சானலிடம் ஒரு கட்டத்தில் 1,200க்கும் மேல் இருந்தன.

நம்ம ஊர் தனியார் எஃப்எம்மில் செய்தியே வருவதில்லையே, அங்கேயும் அதே கதையா? (சென்னை வாசகர்)

இல்லை, நேர் எதிர். அமெரிக்காவில் கட்டாயத்தை எடுத்ததும் செய்தி போனது. இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி தர அனுமதியே இல்லை. ஆகாசவாணி செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் அனுமதிக்கலாம் என்று டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது. அனுமதி கொடுத்தாலும் எத்தனை நிலையம் செய்தியாளருக்குச் சம்பளம் கொடுக்கும் என்பது என் சந்தேகம்.

சமீபத்தில் என்னென்ன மூடினார்கள்? (டொரண்டோ வாசகர்)

வெஸ்ட்வுட் ஒன் நியூஸ் 2020 ஆகஸ்டில் நின்றது. கொரோனாவும் தேர்தலும் ஒன்றாக வந்த ஆண்டு, பாருங்கள். நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் 880, 1967 முதல் முழுநேரச் செய்தி நிலையம், 2024 ஆகஸ்டில் விளையாட்டுக்கு மாறியது. பெயர் இருப்பதை வைத்தும் ஏமாறாதீர்கள். என்பிசி நியூஸ் ரேடியோ என்று 2016 முதல் வருவதைத் தயாரிப்பது ஐஹார்ட்மீடியா. அது வேறு யாரும் இல்லை, பெயர் மாறிய கிளியர் சானல்தான்.

பழைய செய்தி அறிக்கைகளை எங்கே கேட்கலாம்? (யாழ்ப்பாண வாசகி)

இணையத்தில் டபிள்யூஜேஎஸ்வி 1939 என்று தேடுங்கள் தங்கச்சி. வாஷிங்டனில் இருந்த சிபிஎஸ் நிலையம். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று, காலை முதல் நள்ளிரவு தாண்டும் வரை ஒலிபரப்பு முழுவதையும் பதிவு செய்து வைத்தார்கள், ஏறக்குறைய 19 மணி நேரம். போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நேரம். காலையிலிருந்தே தொடங்கினால் சோப்பு விளம்பரத் தொடர்களில் அலுத்துவிடும். பிற்பகலுக்குத் தாவுங்கள். ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் பேசுவது அங்கே இருக்கிறது, அதற்கப்புறம் ஒரு பேஸ்பால் ஆட்டம்.