கேள்வி – பதில்: முதலில் தலைகளை எண்ணுங்கள், பிறகு டாலரை

அமெரிக்காவில் இருக்கும் கணவரோ மனைவியோ தம் துணையைக் குடியேற்ற விசாவில் அழைத்துக்கொள்ளக் காட்ட வேண்டிய வருமானத்தைப் பற்றியே இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருப்பதால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். கீழே வரும் தொகைகள், அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களுக்கு உரிய 2025-ஆம் ஆண்டு அட்டவணைப்படி தரப்பட்டவை. ஆண்டுதோறும் இவை மாறுவதால், படிவம் அனுப்பும் நாளில் நடப்பிலுள்ள ஐ-864பி என்ற அரசு வருமான வரம்பு அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குச் சென்ற ஆண்டு திருமணம் முடிந்தது. மாப்பிள்ளை டெக்சாஸில் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகன். படிப்பை முடித்து, நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஆண்டுக்கு 41,000 டாலர் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சென்ற ஆண்டு வரிக் கணக்கில் அவருடைய வருமானம் 9,000 டாலர்தான். மூன்று ஆண்டுக் கணக்கும் சரியாக இருந்தால்தான் விசா கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்லக் கேட்டு, வீட்டில் யாருக்கும் உறக்கம் இல்லை. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உறவினர்கள் சொல்வது பழைய விதி. 2006-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அண்மை ஆண்டின் வருமான வரிக் கணக்கு ஒன்றே கட்டாயம். முந்தைய இரண்டு ஆண்டுகளின் கணக்கைத் தம் பக்கம் வலுச் சேர்க்கும் என்று நினைத்தால் மட்டும் இணைக்கலாம். மாப்பிள்ளைக்கு அது வலுச் சேர்க்கப்போவதில்லை என்பதால், இணைக்கத் தேவையில்லை.

அவர் கையெழுத்திட வேண்டிய ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரம், 1996-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, 1997 டிசம்பர் 19 முதல் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக இருந்துவருகிறது. அமெரிக்க அரசு வெளியிடும் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் தமக்கு இருப்பதாக ஸ்பான்சர் செய்பவர் அதில் காட்ட வேண்டும். ராணுவப் பணியில் இருப்பவர் துணையை அழைக்கும்போது மட்டும் 100 சதவீதம் போதும். கணவன், மனைவி என்று இருவர் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு அந்தத் தொகை 26,437 டாலர். அதிகாரி முதன்மையாகப் பார்ப்பது நடப்பு ஆண்டு வருமானத்தை. சென்ற ஆண்டுக் கணக்கு அதற்குத் துணைச் சான்று. 41,000 டாலர் சம்பளம் தாராளமாகப் போதும்.

ஆனால் கணக்கில் 9,000, கடிதத்தில் 41,000 என்று இருந்தால் அதிகாரியின் கண் அங்கேதான் நிற்கும். ஆகவே வேலையின் தன்மை, சேர்ந்த நாள், ஆண்டுச் சம்பளம், நிரந்தரப் பணியா என்ற விவரங்களோடு நிறுவனத்தின் கடிதமும், சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள எல்லாச் சம்பளச் சீட்டுகளும், சென்ற ஆண்டு மாணவராக இருந்ததைச் சொல்லும் ஒரு சிறு விளக்கக் கடிதமும் சேர்ந்தே போகட்டும். மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கும்போது மகள் கையில் புதிய சம்பளச் சீட்டுகள் இருக்க வேண்டும். படிவம் அனுப்பிய நாளுக்கும் நேர்காணலுக்கும் இடையே மாதக்கணக்கில் காலம் ஓடிவிடுவதுண்டு.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். சொந்தமாக டாக்சி ஓட்டுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவர்கள் வேறு மாநிலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 52,000 டாலர் வசூல் ஆகிறது. செலவெல்லாம் கழித்து வரிக் கணக்கில் 29,000 காட்டியிருக்கிறேன். இருவர் குடும்பத்துக்கு 26,437 என்பதால் மனைவியை அழைக்கத் தடையில்லை அல்லவா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: தடை இருக்கிறது, உங்கள் குடும்பம் இருவர் குடும்பம் அன்று. வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பதை வைத்து இந்தப் படிவம் எண்ணுவதில்லை. நீங்கள், உங்கள் துணை, திருமணமாகாத 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தோராகக் காட்டப்பட்டவர்கள், இவர்களோடு முன்பு நீங்கள் ஐ-864 கையெழுத்திட்டு வரவழைத்து, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாதவர்கள் அனைவரும் கணக்கில் வருவார்கள். பெற்றோர் அண்ணன் வீட்டில் உண்டாலும் உறங்கினாலும், உறுதி கொடுத்தவர் நீங்கள். ஆகவே நீங்கள் நால்வர். தேவையான வருமானம் 40,187 டாலர். (ஊரில் உள்ள மாமனாருக்கு மாதம் பணம் அனுப்புகிறவர்கள், வரிக் கணக்கில் அவரைச் சார்ந்தோராகக் காட்டாதவரை, அவரை எண்ண வேண்டியதில்லை. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டவர்கள் பலர்.)

அடுத்தது அந்த 52,000. சொந்தத் தொழில் செய்பவருக்கு வசூல் வருமானம் ஆகாது. எரிபொருள், காப்பீடு, வண்டித் தேய்மானம் எல்லாம் கழித்தபின் 1040 என்ற வருமான வரிப் படிவத்தில் மொத்த வருமானமாக நிற்கும் எண்ணே கணக்கு. மார்ச் மாதத்தில் வரியைக் குறைப்பதற்காகக் கணக்காளரிடம் காட்டிய அதே செலவுகள்தாம், விசா நேரத்தில் உங்கள் வருமானத்தையும் குறைத்து நிறுத்துகின்றன. தகுதியில்லாத செலவைத் தவறுதலாகக் கழித்திருந்தால் திருத்தக் கணக்கு தாக்கல் செய்து, மிகுதி வரியையும் கட்டிவிடலாம். உள்ளபடியே ஆன செலவை விசாவுக்காக ஆகவில்லை என்று எழுதுவது வேறு விவகாரம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்களுக்குக் குறைவது 11,187 டாலர். குடிமகன் துணையை அழைக்கும்போது, குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டலாம். உங்களுக்கு அது 33,561 டாலர். அண்ணன் வேறு வீட்டில் இருப்பதால் அவருடைய வருமானத்தை உங்களுடையதோடு கூட்ட முடியாது, ஆனால் அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்தால் தனியே இணை ஸ்பான்சராக, அதாவது உங்களோடு தாமும் பொறுப்பேற்பவராக, இன்னொரு ஐ-864-இல் கையெழுத்திடலாம். பெற்றோரைத் தம் வரிக் கணக்கில் சார்ந்தோராகக் காட்டியிருந்தால், அவரும் அவர்களை எண்ணியாக வேண்டும். பெற்றோர் என்றைக்குக் குடியுரிமை பெறுகிறார்களோ, அன்று அவர்கள் உங்கள் எண்ணிக்கையிலிருந்து நீங்குவார்கள்.

கேள்வி: என் மனைவி அமெரிக்கக் குடிமகள். ஓஹையோவில் பகுதிநேர வேலையில் ஆண்டுக்கு 19,000 டாலர் பெறுகிறார். எனக்கு இங்கே மாதம் 90,000 ரூபாய் சம்பளம். அப்பாவோடு கூட்டாக மூன்று ஏக்கர் தோட்டமும் உண்டு. இவற்றைச் சேர்த்துக் காட்டலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நீங்கள் விமானம் ஏறும் நாளில் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்றால் அது கணக்கில் வராது. அதே நிறுவனம் அமெரிக்காவிலிருந்தும் உங்களைச் சட்டப்படி வேலை செய்யவைத்துச் சம்பளம் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் வரும்.

சொத்துக்கு வழி உண்டு. மனைவிக்குக் குறைவது 7,437 டாலர். அதன் மும்மடங்கு 22,311 டாலர். (அவர் கிரீன் கார்டு மட்டும் உடையவராக இருந்திருந்தால் ஐந்து மடங்கு, அதாவது 37,185 டாலர் காட்ட வேண்டியிருந்திருக்கும்.) குடியேற இருப்பவரின் சொத்தையும் இதில் சேர்க்க இடமுண்டு. பெரிய கஷ்டமோ நஷ்டமோ இல்லாமல் ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடன் இருந்தால் அதைக் கழித்த மதிப்பே கணக்கு. அப்பாவோடு பாகம் பிரியாமல் கிடக்கும் தோட்டம் இந்த நிபந்தனைக்குப் பொருந்துவது கடினம். உங்கள் பெயரில் தனிப்பட்டா இருந்தால், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வைக்கலாம்.

என்னைக் கேட்டால், நிலத்தைவிட வங்கி வைப்புத் தொகையே மேல். அதிகாரி நம் ஊர் நிலத்தைப் பார்த்ததில்லை. வங்கிக் கணக்கு அவருக்குத் தெரிந்த பாஷை. அதிலும் கடந்த 12 மாத வரவு செலவு கேட்பார்கள் என்பதால், நேர்காணலுக்கு முந்தின வாரம் மைத்துனரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுவது பயன் தராது. பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்ற ஐயம் எழுந்தால், இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதைச் சொல்லலாம்.

கேள்வி: என் கணவர் கிரீன் கார்டு உடையவர், ஆராய்ச்சி மாணவராக 22,000 டாலர் உதவித்தொகை பெறுகிறார். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் 1,40,000 டாலர் சம்பாதிக்கும் அவருடைய நண்பர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார். கலிஃபோர்னியாவில் குடிமகனாக இருக்கும் என் சித்தப்பாவோ தயங்குகிறார். நண்பரே போதுமா? (வாசகி, மதுரை)

பதில்: போதாது. எவ்வளவு சம்பாதித்தாலும் எச்-1பி விசாவில் இருப்பவர் இணை ஸ்பான்சர் ஆக முடியாது. அமெரிக்காவில் நிலையாக வசிக்கும், 18 வயது நிறைந்த குடிமகனோ கிரீன் கார்டு உடையவரோதான் ஆகலாம். உறவினராக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. இணை ஸ்பான்சரின் வருமானம் தனித்தே வரம்பைத் தொட வேண்டும்; கணவருடைய 22,000-த்தை அதோடு கூட்ட முடியாது. சித்தப்பா வீட்டில் சித்தி, இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் இருந்தால், உங்களையும் சேர்த்து ஐவருக்கு 47,062 டாலர் தேவை. யார் இணை ஸ்பான்சர் ஆனாலும், உங்களுக்காக மனுச் செய்த கணவரும் தம் ஐ-864-ஐக் கட்டாயம் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ‘அதுதான் சித்தப்பா போட்டுவிட்டாரே’ என்று இதை விட்டுவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

சித்தப்பாவின் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தருவது சிபாரிசுக் கடிதம் அன்று, கடப்பாடு. வருமானம் குறைந்தோருக்கான உணவு உதவி, மெடிகெய்டு என்ற மருத்துவ உதவி போன்ற அரசு உதவிகளை நீங்கள் பெற்றால், அந்தத் துறை அவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் ஐ-865 படிவத்தில் அவர் தெரிவிக்கவும் வேண்டும். அதே சமயம், உங்கள் கிரெடிட் கார்டு கடனுக்கோ வாடகைப் பாக்கிக்கோ இந்தப் பத்திரத்தால் அவர் பொறுப்பாவதில்லை. புதிதாகக் கிரீன் கார்டு பெறுபவர்களுக்குப் பெரும்பாலான மத்திய அரசு உதவிகள் முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைப்பதும் இல்லை. இவ்வளவையும் மறைக்காமல் சொல்லி, படிவத்தின் ஒப்பந்தப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். படித்தபின் மறுத்தால் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். கணவர் தம் அண்ணனோ பெற்றோரோ இருக்கும் அதே வீட்டில் வசிப்பவராக இருந்தால், ஐ-864ஏ படிவத்தின் வழியே அவர்களுடைய வருமானத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகள், ஆறு ஆண்டுகளாகக் கணவரோடு இங்கேதான் இருக்கிறேன். இணை ஸ்பான்சர் கிடைத்துவிட்டார். வேறு சிக்கல் உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் வசிப்பிடம்தான் சிக்கல். ஸ்பான்சர் அமெரிக்காவில் நிலையான வசிப்பிடம் உடையவராக இருக்க வேண்டும். இணை ஸ்பான்சர் இருந்தாலும் உங்களுக்கு இந்த நிபந்தனை நீங்காது. கணவர் அங்கே கால் வைக்கும் நாளிலாவது நீங்களும் குடியமர்ந்துவிடுவீர்கள் என்பதற்கு வேலைக்கான கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு போன்ற சான்றுகளைக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளுக்கும் வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதைக் குடிமக்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தோழியிடம் 29,000 பவுண்டு கேட்கிறார்களே, அமெரிக்காவில் ஏன் இவ்வளவு குறைவு? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் வெவ்வேறு அளவுகோல். பிரிட்டனில் 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. அங்கே உறவினர் ஒருவர் இணைந்து உறுதி கொடுக்கும் வழியும் பொதுவாக இல்லை. அமெரிக்க வரம்பு வறுமைக் கோட்டை ஒட்டியது என்பதால் தொகை சிறிது, ஆனால் கொடுத்த வாக்கு நெடுங்காலம் நிற்கும். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: திருமணமாகி இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவர் விவாகரத்து கேட்கிறார். ‘ஸ்பான்சர் பத்திரத்தை வாபஸ் வாங்கிவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று மிரட்டுகிறார். எனக்கு வேலை இல்லை. (வாசகி, சிகாகோ)

பதில்: அம்மா, அவர் சொல்வது உண்மை இல்லை. நீங்கள் நிரந்தர வசிப்பு உரிமையோடு நாட்டுக்குள் நுழையும்வரை அவர் அந்த உறுதியைத் திரும்பப் பெற்றிருக்கலாம், நுழைந்தபின் முடியாது. நீங்கள் குடியுரிமை பெறுவது, ஏறத்தாழ பத்தாண்டு உழைப்புக்குச் சமமான 40 காலாண்டுகள் உங்கள் கணக்கில் சேர்வது, வசிப்பு உரிமையை விட்டு நாட்டைவிட்டே போவது, உங்கள் இருவரில் ஒருவர் இறப்பது ஆகிய சந்தர்ப்பங்களில் மட்டுமே அந்தப் பொறுப்பு முடியும். விவாகரத்து இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வருமானம் தனியொருவருக்கான 125 சதவீத அளவுக்குக் கீழே இருந்தால் (2025-இல் அது 19,562 டாலர்), குறைகிற தொகையைக் கேட்டு அவர்மீது நீங்களே வழக்குத் தொடரலாம். இப்படித் தொடரப்பட்ட வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் பணம் தரும்படி உத்தரவிட்டிருக்கின்றன. திருமணமாகி இரண்டாண்டு ஆகும்முன் வந்ததால் உங்களுக்கு நிபந்தனைக் கிரீன் கார்டு தரப்பட்டு, அந்த நிபந்தனை இன்னும் நீங்காமல் இருந்தால், அதைக் கணவரின் கையெழுத்து இல்லாமலே நீக்கிக்கொள்ளத் தனியே விலக்கு மனு உண்டு; அதற்கு ஒரு குடியேற்ற வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

போகும்போது அவர் கையெழுத்திட்ட ஐ-864-இன் நகலைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். விசாவுக்காக அனுப்பிய கோப்பின் நகல் உங்கள் மின்னஞ்சலிலோ, ஊரில் அப்பாவிடமோ இருக்கக்கூடும். முதலில் அங்கே தேடுங்கள். இல்லையென்றால், அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் உங்கள் குடியேற்றக் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.