விருந்துக்கு முதல் நாளே இனிப்பு: வாசகர் கேள்விகள்

இந்த முறை சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்துதான் இனிப்பைச் செய்ய முடியும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. நேராகக் கேள்விகளுக்கு வருகிறேன்.

சேமியா பாயசத்தை முதல் நாள் இரவே செய்துவிட்டேன் அக்கா. மறுநாள் கரண்டி நட்டால் நிற்கிறது. என்ன தவறு? - தெம்பனிஸ்

சேமியா இரவெல்லாம் பாலைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். இனி இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். சேமியா, முந்திரி, திராட்சையை நெய்யில் வறுத்து டப்பாவில் போடுங்கள். பாலை ஏலக்காயோடு காய்ச்சி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். விருந்தாளிகள் வர அரை மணி நேரம் இருக்கும்போது பாலைக் கொதிக்கவைத்து, சேமியாவைப் போட்டு, அது வெந்த பிறகு சர்க்கரை சேருங்கள். சர்க்கரையை முதலிலேயே போட்டால் சேமியா சீக்கிரம் வேகாது. ஏற்கெனவே இறுகிய பாயசத்துக்கு ஒரு கப் சூடான பால் ஊற்றுங்கள், தண்ணீர் வேண்டாம்.

அகார்அகார் (கடற்பாசி) ஜெல்லியை ஃபிரீசரில் வைக்கலாமா? - ஈசூன்

கூடாது. உருகும்போது தண்ணீர் பிரிந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

குலோப் ஜாமூன் நடுவில் கல் மாதிரி இருக்கிறது. ஏன்? - செங்காங்

பொட்டல மாவா, பால் பவுடரா? எண்ணெய் எவ்வளவு சூடு? உருண்டை என்ன அளவு? ஒன்றுமே எழுதாமல் 'ஏன்' என்று மட்டும் கேட்டால் நான் எப்படிச் சொல்ல முடியும்? அளவையும் செய்முறையையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்பது! பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன்: எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கும், வெளிப்பக்கம் சிவந்து உள்ளே வெந்திருக்காது. மிதமான சூட்டில் ஏழெட்டு நிமிடம் பொரியுங்கள். வெந்ததும் வெதுவெதுப்பான பாகில் போட்டு ஓர் இரவு விடுங்கள். முதல் நாளே செய்வதற்கு இதைவிடத் தோதான இனிப்பு கிடையாது.

14 பேருக்கு மாம்பழ புட்டிங் செய்யப் போகிறேன். மூன்று பேர் சைவம், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் வருகிறது. கடையில் வாங்கிய ஜெலட்டின் போதுமா, அகார்அகார் வேண்டுமா? எல்லாம் ஒன்றுதானே? - பொங்கோல்

ஒன்றே இல்லை. பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள் என்று நான் இங்கே எழுதாத மாதமே இல்லை.

ஜெலட்டின் என்பது பன்றி, மாடு போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. அகார்அகார் கடற்பாசி. ஹலால் முத்திரை போட்ட ஜெலட்டினும் கிடைக்கிறது, உங்கள் மலாய் அண்டை வீட்டாருக்கு அது சரி. ஆனால் அதுவும் மாட்டிலிருந்து வந்திருக்கலாம், சைவக்காரர் மூவரும் தொட முடியாது. அகார்அகார் எடுத்தால் எல்லாருக்கும் ஒரே தட்டில் வைக்கலாம். சிங்கப்பூரில் ஒரே மேசையில் இத்தனை வகையானவர்கள் உட்காரும்போது, ஒருவரை மட்டும் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று ஒதுக்கவே கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு விருந்தில், வாழ்நாள் முழுக்க சைவமாகவே இருந்த ஓர் அம்மா இரண்டு கிண்ணம் புட்டிங் ஆசையாகச் சாப்பிட்டார். சமையலறையில் காலிப் பொட்டலத்தை எடுத்துப் படித்தேன். மாட்டு ஜெலட்டின். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. மார்ஷ்மெல்லோ, சில வகைத் தயிர், கேக் மேல் ஊற்றும் பளபளப்பு ஜெல்லி, எல்லாவற்றிலும் ஜெலட்டின் ஒளிந்திருக்கலாம். படியுங்கள்!

நம் ஊர்ச் சூட்டுக்கும் அகார்அகார்தான் ஏற்றது. ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகும், மேசையில் அரை மணி நேரம் இருந்தால் தளர்ந்துவிடும். அகார்அகார் வெளியிலேயே உறையும், 85 டிகிரி வரை உருகாது. ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டினுக்கு ஒரு தேக்கரண்டி அகார்அகார் தூள் போதும். குளிர்ந்த தண்ணீரில் கலக்கி, கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மாம்பழக் கூழும் பாலும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளிரக் குளிர ஊற்றினால் திரிதிரியாக உறைந்துவிடும். இன்னொன்று: வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, அகார்அகாருக்கு அந்தத் தொல்லை இல்லை. 10 கிராம் தூள் ஒரு லிட்டரை உறையவைக்கும். 14 பேருக்கும் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வரும்.

தேங்காய்ப்பால் பாயசம் இரவு முழுக்க அடுப்பு மேலேயே இருந்துவிட்டது. காலையில் வாசனை நன்றாகத்தான் இருந்தது. பரிமாறலாமா? - அங் மோ கியோ

கொட்டிவிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி பெருகும், மூக்குக்கு அது தெரியாது. மீண்டும் சொல்கிறேன்: தேங்காய்ப்பால் சேர்ந்தது எதுவும் வெளியில் இரவு தங்கக் கூடாது.

சாகோ குலா மலாக்கா 12 பேருக்கு, 15 வெள்ளிக்குள் முடியுமா? - ஜூரோங்

தாராளமாக. ஜவ்வரிசி 300 கிராம், குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 250 கிராம், தேங்காய்ப்பால் 400 மில்லி, வாசனைக்குப் பாண்டான் இலை நாலைந்து. ஈரச்சந்தையில் வாங்கினால் மிச்சமும் இருக்கும்.

ஜவ்வரிசியை ஊறவைக்காதீர்கள், கரைந்துவிடும். பெரிய பானையில் தளதளவென்று கொதிக்கும் மூன்று லிட்டர் தண்ணீரில் தூவிக் கிளறுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மணிகள் கண்ணாடியாகி, நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் மூடி வைத்தால் அந்தப் புள்ளியும் போய்விடும். வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் பசை போகும் வரை அலசி, சின்னக் கிண்ணங்களில் அழுத்தி வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் விறைத்துவிடும்.

குலா மலாக்காவைச் சீவி, அரைக் கப் தண்ணீரும் முடிச்சுப் போட்ட பாண்டான் இலையும் சேர்த்து உருக்கி, கட்டாயம் வடிகட்டுங்கள். பாகு குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். தேங்காய்ப்பாலை அன்றைக்கே, ஒரு சிட்டிகை உப்போடு, கொதிக்கவிடாமல் சூடாக்கி ஆறவைத்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்றையும் மேசையில்தான் சேர்க்க வேண்டும்.

பிரிட்ஜில் பிரியாணிச் சாமானுக்கே இடமில்லை. இனிப்பை எங்கே வைப்பது? - சுவா சூ காங்

ரவா லட்டு பிடியுங்கள். பால் தெளிக்காமல் நெய்யிலேயே பிடித்தால் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வெளியிலேயே இருக்கும். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள், எறும்பு வராது.

வெல்லம் போட்டதும் பால் திரிகிறது. - உட்லண்ட்ஸ்

சூட்டோடு சேர்த்திருப்பீர்கள். வெல்லப்பாகை முதல் நாளே காய்ச்சி வடிகட்டி வையுங்கள். மறுநாள் பாயசத்தை இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பாகை ஊற்றிக் கிளறுங்கள். அப்புறம் அடுப்பில் ஏற்றாதீர்கள்.