படுத்தபடி அலை பிடிக்கும் பலகை: ஓடாவியிடம் கேட்டவை

முல்லைத்தீவுக் கரையில் நான் பலகை ஒன்றோடு அலையில் வழுக்கி வருவதைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பெலிபோட் என்பார்கள், ஹவாய்க்காரருக்கு அது பைப்போ. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நுரையலை வரும்போது வயிற்றின்கீழ் பலகையை வைத்துப் பாய்வது, அவ்வளவுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணை, ஒரு அங்குலத் தேக்குப் பலகை வீட்டில் கிடக்கிறது. அதில் செய்தால் நல்லாய் மிதக்குமா? (அளம்பில்)

தம்பி, முதலில் மிதப்பை மறந்துவிடு. நாலடி நீளம், ஓரடி அகலம், 9 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவூட் முழுதாய்த் தாழ்ந்தாலும் மூன்றேகால் லீற்றர் தண்ணீரைத்தான் விலக்கும். பலகையின் பாரமே இரண்டு கிலோ. மிஞ்சுகிற மிதப்பில் ஒரு கோழியைக்கூட ஏற்ற முடியாது! உன்னைத் தூக்குவது வேகம். குளத்தில் ஓட்டுத்துண்டை எறிந்து தத்தவிட்டிருப்பாய்தானே, அதே கதைதான். அலை தள்ளும் வரைக்கும் தட்டையான அடி தண்ணீரை அமுக்கிக்கொண்டு மேலே நிற்கும், அலை விட்டதும் தாழும்.

உன் தேக்கில் செய்தால் ஆறு கிலோ வரும். அலை அதைப் பிடுங்கி முகத்தில் அடித்தால் பல் மிஞ்சாது. அதைக் கதவுக்கு வைத்துக்கொள்.

முதிரை, பாலை, மலைவேம்பு, இவற்றில் எது நல்லது? (ஒட்டுசுட்டான்)

முதிரையும் பாலையும் பாரம். முதிரையைக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேறு வேண்டும். மலைவேம்பு இலேசான மரம், தெற்கே வள்ள வேலைக்கும் அதைப் பாவிப்பார்கள். ஆனால் இவ்வளவு மெல்லிய தனிப்பலகை மண்ணில் ஒருமுறை குத்தினாலே இழையோடு பிளந்துவிடும். பிளைவூட்டில் இழை குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்துக் கரைகளில் நூறு வருடத்துக்குக் கிட்டப் பிளைவூட்டையே பாவிக்கிறார்கள்.

தண்ணீருக்குத் தாங்கும் மரைன் பிளைவூட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (புதுக்குடியிருப்பு)

நான் பட்ட பாடு இது. ஒரு கடையில் மரைன் என்று சொல்லித் தந்ததை நம்பி வாங்கி வந்தேன். மூன்றாம் கிழமை ஓரம் பிரிந்து புத்தகம்போல விரிந்துவிட்டது. அதிலிருந்து, வாங்க முன்னம் ஒரு துண்டு கேட்டு எடுத்து, சில மணித்தியாலம் கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடியும் கொதிக்க வைப்பேன். அடுக்கு பிரிந்தால் வாங்குவதில்லை. வெட்டு முகத்தையும் பாருங்கள். நடு அடுக்குகளில் பொந்து இருந்தால் அதற்குள் தண்ணீர் போய்த் தங்கும்.

பலகையின் முன் மூக்கை எப்படி வளைப்பது, ஐயா? நான் வளைத்தது நிமிர்ந்துவிட்டது. (முள்ளியவளை)

கொதிநீர் ஊற்றி வளைத்திருப்பீர்கள். தடித்த ஒற்றைப் பலகை அப்படித்தான், சில மாதத்தில் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். நான் செய்வது வேறு. 4 மில்லிமீற்றர் பலகை இரண்டை எடுத்து, நடுவில் எப்பொக்சிப் பசை பூசி, அச்சின்மேல் வைத்து ஒட்டுவேன். இரண்டும் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்வதால் நிமிர வழியில்லை. கழிவு மரத்தில் ஒரே அளவாய் மூன்று விலா வெட்டி, ஒரு தட்டையான பலகையில் ஆணியடித்தால் அச்சு தயார். முன் ஒன்பது அங்குலம் மட்டும் மெல்ல மெல்ல எழும்பி, நுனியில் இரண்டு அங்குலம் நின்றால் போதும். கழற்றும்போது கொஞ்சம் தணியும், அதையும் சேர்த்துத்தான் இரண்டு.

அச்சுக்கு மேலே பொலித்தீன் விரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அச்சும் பலகையும் ஒன்றாகிவிடும். மூக்கைப் பழைய சைக்கிள் டியூப்பால் சுற்றி இறுக்குங்கள். மற்ற இடத்துக்கு உரப்பையில் மணல் நிரப்பி ஏற்றுங்கள். ஒரு பகல், ஒரு இரவு தொடவே கூடாது. தளபாடத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசை கடலில் கரையும், ஆகவே வேண்டாம். முகத்து இழை நீளப்பாட்டுக்கு ஓட வேண்டும்.

எட்டுக்கு நாலு அடித் தகட்டில் எட்டுத் துண்டு வரும், அதாவது நாலு பலகை. வாள் தின்கிற மரம் போக அகலம் ஓரடிக்குச் சற்றுக் குறையும், பரவாயில்லை. பிறகு சீவுளியால் ஓரங்களை உருட்டுங்கள். பின்பக்கத்தை இன்னும் கவனமாய் உருட்டவேண்டும், அதுதான் வயிற்றில் படுகிற இடம்.

வார்னிஷ்? (மாங்குளம்)

ஓரத்துக்கு முதலில். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். முதல் பூச்சைத் தின்னர் கலந்து தண்ணியாக்கி ஊறவிட்டு, மேலே மூன்று பூச்சு அடியுங்கள்.

இரணைமடுக் குளத்தில் ஓடலாமா அண்ணை? (கிளிநொச்சி)

அலையில்லாத தண்ணீரில் இது ரொட்டி தட்டத்தான் உதவும். வாய்க்கால் பக்கம் போகவே வேண்டாம், வான்கதவு திறக்கிற காலத்தில் நினைக்கவும் வேண்டாம்.

தம்பி, மகன் பலகை கேட்டு அடம்பிடிக்கிறான். எங்கள் கடல் பொல்லாதது. செய்து கொடுக்கலாமா? (முல்லைத்தீவு)

அக்கா, பயப்படுவது சரிதான். கார்த்திகை முதல் தை வரை வாடைக்கடல். எங்கள் கரை சரிவானது, பெரிய அலை மண்ணிலேயே வந்து உடையும், நுரை ஓட இடமே இருக்காது. அப்போது மூக்கு மண்ணில் குத்தினால் பலகையின் பின்பக்கம் வயிற்றுக்குள் இடிக்கும். வாடை தணிந்த பிறகு, நுரை நீளமாய் ஓடுகிற தட்டையான இடத்தில் விடுங்கள். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு வீசும், கடல் சாதுவாய்த் தெரிந்தாலும் மிதக்கிற எதையும் வெளியே கொண்டுபோகும்.

நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களுக்குக் கிட்டவும், கரைவலை இழுக்கிற இடத்திலும் வேண்டவே வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் அதற்கு எதிராக நீந்தக்கூடாது, கரையோரமாய்ப் பக்கவாட்டில் நீந்த வேண்டும் என்று இப்போதே பழக்குங்கள். இந்தப் பலகை அவனைத் தாங்காது. அதனால் நீந்தத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் தொப்புள் உயரத்துக்கு அளந்து அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன்.