வேகமும் இடமும் இல்லாத இ-சலான்: கட்டிவிடுவதா, எதிர்ப்பதா?

கேள்வி: ஆகஸ்ட் 14 அன்று என் செல்போனுக்கு ஓர் இ-சலான் வந்தது. அதிவேகம், பிரிவு 183(1)(i), அபராதம் ரூ.1,000 என்று இருந்தது. சம்பவம் நடந்த நாள் 2025 ஜூலை 8 என்றும் மாலை 3.42 மணி என்றும் போட்டிருக்கிறார்கள். இடம் என்ற கட்டத்தில் 'ராஜீவ் காந்தி சாலை' என்பதோடு சரி. கார் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனது, அங்கே அனுமதித்த வேகம் என்ன, எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று ஒரு விவரமும் இல்லை. படத்தில் காரின் பின்பக்கம் தெரிகிறது, நம்பர் பிளேட்டின் கடைசி எண் மங்கலாக இருக்கிறது. அன்று காரை ஓட்டியது என் தம்பி. 'ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிடு' என்கிறார்கள் வீட்டில். விவரம் இல்லாத சலான் தானாகவே செல்லாது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: நண்பர் சொல்வதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வீட்டில் சொல்வதைக் கேட்டு உடனே கட்டவும் வேண்டாம்.

முதல் வேலையாக அந்தச் சலான் உண்மையானதுதானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் போலிச் சலான் அனுப்பி, ஏ.பி.கே. கோப்பை (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறக்கவைத்து வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி நடக்கிறது. வந்த இணைப்பைத் தொடாமல், அரசின் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து வாகன எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே அது இருந்தால் மேலே படியுங்கள்.

சலானில் உள்ள எல்லாக் குறையும் ஒரே எடையுள்ளவை அல்ல. உங்கள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, காரின் நிறத்தைத் தவறாக எழுதியிருப்பது போன்றவற்றைக் காட்டி வழக்கை உடைக்க முடியாது. அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று நீதிபதி கேட்பார், திருத்திக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிடுவார். ஆனால் உங்கள் சலானில் விடுபட்டிருப்பவை குற்றச்சாட்டின் உயிரான விவரங்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு அனுமதி, சாலையில் எந்த இடம் என்று தெரியாமல் ஒருவர் எதை மறுப்பது? மத்திய கைலாஷில் தொடங்கி நகரைத் தாண்டியும் நீளும் சாலை அது.

இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வழக்கறிஞர்களே பலர் புரட்டிப் பார்க்காத பிரிவு 209-ஐச் சொல்கிறேன். 183-ஆம் பிரிவின்கீழ் அதிவேகத்துக்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். சம்பவ இடத்திலேயே 'உங்கள்மீது வழக்கு வரலாம்' என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாளுக்குள் குற்றத்தின் தன்மை, நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஓட்டியவருக்கோ பதிவுபெற்ற உரிமையாளருக்கோ அறிவிப்பைச் சேர்த்திருக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாளுக்குள் நீதிமன்றச் சம்மன் கையில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தம்பியை யாரும் நிறுத்தவில்லை என்றால், ஜூலை 8-க்கும் ஆகஸ்ட் 14-க்கும் இடையே 37 நாள் ஓடியிருக்கிறது. வந்ததிலும் இடம் சரியாக இல்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. உரிமையாளரின் பெயர், முகவரியை நியாயமான முயற்சி செய்தும் உரிய காலத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலோ, தாமதத்துக்கு உங்கள் தரப்பே காரணம் என்றாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆர்.சி.யில் பழைய முகவரி இருக்கிறதா? பதிவில் உள்ள செல்போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா? வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 49. அதைச் செய்யாதவர் 209-ஐ நம்பிப் போனால் எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் கைவைக்கும்.

அடுத்தது 183(3). ஒரே ஒரு சாட்சி வந்து 'என் கணிப்பில் வேகமாகப் போனார்' என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கணிப்பு ஓர் இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ காட்டிய அளவிலிருந்து வந்தது என்று நிரூபிக்க வேண்டும். சலானில் அளவே இல்லையென்றால் அரசுத் தரப்பு எதைக் காட்டும்?

கருவியில் அளந்தோம் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ குறுக்கே நிற்கும். 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட விதி இது. ஸ்பீடு கேமரா மட்டுமல்ல, போலீஸார் கையில் பிடிக்கும் ஸ்பீடு கன்னும் இதில் அடங்கும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சாட்சியச் சட்டச் சான்று ஆகியவை சலானோடு வர வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி என்று நாம் சொன்ன சான்று, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-இன்கீழ் வருகிறது. வேகம் அளக்கும் ரேடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற எடையளவு விதியும் 2025 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சம்பவம் அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்தது. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கும் சட்டம், குடிமகன்மேல் குற்றம் சுமத்தும் கருவிக்கும் அதைக் கேட்பது நியாயம்தான்.

வேக வரம்பையும் விடாதீர்கள். சென்னை மாநகரில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்று போக்குவரத்துப் போலீஸார் வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் காருக்கே 40 என்று தொடங்கி, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு வந்த மாற்றம் அது. அதனால் அந்த இடத்தில் அன்று எந்த வரம்பு, எந்த அறிவிக்கையின்படி, வரம்புப் பலகை அங்கே இருந்ததா என்று கேட்பது வீண் வாதம் அல்ல.

இதையெல்லாம் எப்படிக் கேட்பது? முதலில் இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில், விடுபட்ட விவரங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். அதே கடிதத்தை வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகப் போக்குவரத்துப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ. மனுவும் போடுங்கள். கருவியின் வரிசை எண், ஒப்புதல் சான்றின் நகல், முத்திரைச் சான்றின் நகல், வேக வரம்பு அறிவிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'எங்களிடம் இல்லை' என்று வந்தால் அதுவே உங்களுக்கு நல்ல ஆவணம்.

வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (சலான் வழக்குகளை இணையத்திலேயே கவனிக்கும் நீதிமன்றம்) போயிருந்தால், அந்தத் தளத்தில் அபராதம் கட்டுவதற்கும் வழக்கை எதிர்ப்பதற்கும் தனித்தனி வாய்ப்பு இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறும். நீங்களே போக வேண்டும் என்றில்லை, வழக்கறிஞர் மூலம் ஆஜராகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும்போது 'இல்லை' என்று சொல்லி, ஆவணங்களைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு ஆறு மாதம் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 514. அதாவது 2026 ஜனவரி 8-க்குப் பிறகுதான் போலீஸார் வழக்கை முதல்முறையாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அந்த வாதமும் உங்கள் கையில் இருக்கும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஒரு நாள் லீவு போட்டாலே அதற்குமேல் போய்விடும். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பணம் கட்டி இணக்கமாக முடித்த குற்றமும் முந்தைய குற்றமாகக் கணக்கில் ஏறும் என்கிறது பிரிவு 200. அதிவேகத்தில் இரண்டாம் முறை சிக்கினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது 183. தம்பி வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்றால் இன்று கட்டும் ஆயிரம் நாளை அவர் வேலையைத் தொடும். லைசென்ஸ் பற்றிய கவலை பெரிதாக இல்லாதவருக்குக் கட்டிவிடுவதே லாபமாகவும் இருக்கலாம். எதிர்ப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, தம்பி விஷயம். யார் ஓட்டினார் என்று அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு, பிரிவு 133. 'எனக்குத் தெரியாது' என்றோ, நீங்களே ஓட்டியதாகவோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது புதுச் சிக்கலை இழுத்துவரும். மனு எழுத உட்காருமுன் தம்பியிடம் அன்று எவ்வளவு வேகத்தில் போனார் என்று கேளுங்கள். எண்பது, தொண்ணூறு என்று அவர் வாயாலேயே வந்தால் விவரங்களைக் கேட்டு எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் 'வேகமாகப் போகவில்லை' என்று மனுவில் ஒரு வரியும் எழுதக் கூடாது.