விவசாய ஆராய்ச்சியால் நம் சாப்பாட்டுத் தட்டுக்கு உண்மையிலேயே ஏதாவது வந்து சேர்கிறதா?

வந்து சேர்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை வைத்தே சொல்கிறேன்.

விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ வீடுகள் இதை வைத்துத்தான் பசியாறின (1956 வரை எங்கள் மாவட்டமும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே). மாவுச்சத்து தாராளம், புரதம்தான் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் நிற்கும். போதாததற்கு லினமாரின் என்ற பொருள் வேறு. கிழங்கை வெட்டினால் அதனுடன் ஒரு நொதி சேர்ந்து சயனைடு வெளியாகும். எங்கள் வீடுகளில் உள்தோல் வரை உரித்து, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தேங்காய் அரைத்துப் போட்டு மசிப்பார்கள். சயனைடில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடும் ஆவியோடும் போய்விடும். உடம்புக்குள் போகிற மிச்சத்தை விஷம் குறைந்த தயோசயனேட்டாக மாற்றி வெளியே தள்ள, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் (புரதத்தின் கூறுகள்) வேண்டும். அவை மீனில் நன்றாகவே இருக்கின்றன. ஆக, கிழங்கும் சாளை (மத்தி) மீன்கறியும் ருசிக்காக மட்டும் சேர்ந்த ஜோடி இல்லை. மொசாம்பிக்கிலும் காங்கோவிலும் பஞ்ச காலத்தில், சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கை வேறு புரதம் இல்லாமல் வாரக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால் விறைத்து நடக்க முடியாமலே போயிருக்கிறது. கோன்சோ என்று அதற்குப் பெயர்.

சமையலில் தெரிந்துவிடும் விஷயம் இவ்வளவுதான். தோட்டத்தில் வருகிற நோயைப் பாட்டி வைத்தியத்தால் நிறுத்த முடியாது. தேமல் நோய் வந்த செடியின் இலையைப் பாருங்கள், பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகி, சிறுத்து, முறுக்கிக்கொண்டு நிற்கும், பிடுங்கினால் கிழங்கு விரல் தடிமன்கூட இருக்காது. வெள்ளை ஈ பரப்புகிறது. அதைவிட நாமே நோயுள்ள செடியின் கம்பை (தண்டுத் துண்டை) வெட்டி அடுத்த வருடமும் நட்டுப் பரப்புகிறோம். 1963-ல் திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்காக ஸ்ரீ ரக்ஷா போன்ற நோய் தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரம்தான். ஆனாலும் இன்னும் எம்-4 என்ற ரகத்தைக் கைவிட மனசில்லாதவர்கள் நிறைய. நோய் சீக்கிரம் பிடிக்கும், இருந்தாலும் வெந்தால் மாவு மாதிரி மலரும், கசக்காது. இதில் விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். வாயில் வைக்க முடியாத கிழங்கு எத்தனை டன் விளைந்தால் வீட்டுக்கு என்ன?

இன்னொரு சிக்கல், கம்பை விதை மாதிரி பாக்கெட்டில் போட்டு விற்க முடியாது. ஒரு செடியில் சுமார் பத்துக் கம்புதான் தேறும், வெட்டி வைத்தால் காய்ந்துவிடும். லாபம் இல்லாததால் கம்பெனிகள் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு அரசுப் பணம் கட்டாயம் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். இரண்டு கணு உள்ள சிறு துண்டுகளாக வெட்டி நாற்று விட்டுப் பெருக்கும் முறையை அந்த நிலையமே சொல்லிக்கொடுக்கிறது. அதை ஊருக்கு ஒருவர் செய்தாலே நல்ல கம்பு கிடைத்துவிடும்.

சத்து என்று பார்த்தால் எனக்குப் பெரிய நம்பிக்கை சீனிக்கிழங்கின் (சர்க்கரைவள்ளிக்கிழங்கின்) மேல்தான். நாம் தின்னும் வெள்ளைக் கிழங்கில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. அதே நிலையத்தின் பூ சோனா ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் வரை இருக்கிறது, சதை நல்ல ஆரஞ்சு நிறம். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரிக் கிழங்கைக் கொண்டுசேர்த்தவர்களுக்கு 2016-ல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள்.

உங்களுக்குக் கொஞ்சம் மண் இருந்தால் கொடி வாங்கி நட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்று, அவித்து வெறுமனே கொடுக்காமல் தேங்காய்த்துருவலோ கொஞ்சம் எண்ணெயோ சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கொழுப்பு கூட இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும்.