ஓடுகிற காரா, பெட்டிகளில் கிடக்கும் காரா? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு பழைய கார்கள் ஏறக்குறைய ஒரே விலைக்கு எனக்குக் கிடைக்கின்றன. ஒன்று 1991ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், நன்றாக ஓடுகிறது, ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நீலப் புகை வருகிறது. மற்றது 1988ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 325ஐ; என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்ததற்கு ரசீதுகள் உண்டு, பெயின்டும் புதிது, ஆனால் டேஷ்போர்டும் ஒயரிங்கும் கழற்றப்பட்டு அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. டிராக்கில் ஓட்டிப் பழகி, அடுத்த ஆண்டு நேரப் போட்டிகளில் (ஒரு சுற்றை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்ப்பவை) இறங்க விரும்புகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: அடிப்பாகம் திடமாக இருக்குமானால் எம்எக்ஸ்-5ஐ வாங்குங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து சில நொடிகளில் மறையும் நீலப் புகை, பெரும்பாலும் வால்வு சீல்கள் தேய்ந்து இரவு முழுவதும் ஆயில் சொட்டியதன் அடையாளம். அதை வைத்துக்கொண்டே சில மாதங்கள் டிராக்கில் பழகலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பெட்டிகளில் இருக்கும் காரைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன், ஏனெனில் அப்படி ஒன்றை வாங்கி மூன்று ஆண்டுகள் ஷெட்டில் வைத்திருந்தவன் நான். பிரித்தவருக்கு எந்த போல்ட் எங்கே போகும் என்பது நினைவில் இருந்தது. எனக்கு ஒரு டப்பா நிறைய போல்ட்டுகள் மட்டுமே கிடைத்தன. முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒயரிங்கைக் கழற்றும்போது காய்ந்த கனெக்டர்கள் உடைவது இயல்பு, ஆனால் எது உடைந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

கேள்வி: 325ஐயின் பெயின்ட் புதிது என்பது நல்ல விஷயம்தானே? துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உள்ளே ஒயரிங்கைக்கூட மாட்டாத காருக்கு முதலில் பெயின்ட் அடித்தது ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள். பிறகு மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பின்சக்கர வளைவின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே தகட்டுக்குப் பதிலாகப் பள்ளத்தை நிரப்பும் புட்டிப் பசை இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடங்களையும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையும், தரைவிரிப்பைத் தூக்கி உட்புறத் தரையையும் பார்க்க வேண்டும்.

எம்எக்ஸ்-5க்கு இதில் தனி நோய் ஒன்று உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால் வழியாக வெளியேற வேண்டும். இலைக்குப்பை அதை அடைத்துவிட்டால் நீர் அந்தச் சில் பகுதிக்குள் தேங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ளிருந்து அரிக்கும். அந்த இடத்தைக் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். என்ஜினை மாற்றிவிடலாம், அரித்த பாடியைச் சரிசெய்வதோ முடிவில்லாத வேலை. ஆகவே இரு கார்களில் எதன் பாடி நல்லதோ அதன் பக்கம் சாய்வதே என் வழக்கம்.

கேள்வி: 1991 எம்எக்ஸ்-5இல் கிராங்க் கோளாறு வரும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். தொடக்க கால 1.6 என்ஜின்களில் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின், முன்முனை குட்டையானது. அந்த முனையிலுள்ள புல்லியைப் (பெல்ட் ஓடும் சக்கரத்தை) பிடிக்கும் போல்ட் தளர்ந்தால், புல்லி நழுவாமல் பூட்டும் சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, கிராங்கே வீணாகும். 1991இன் இடையில் இது மாற்றப்பட்டதால் உங்கள் கார் எந்தப் பக்கம் என்பதை ஆண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடும்போது அந்தப் புல்லியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அது தள்ளாடிச் சுழன்றால் என் முதல் பதிலை மறந்துவிட்டு வேறு எம்எக்ஸ்-5 தேடுங்கள்.

கேள்வி: 325ஐயின் 170 குதிரைசக்தி எங்கே, எம்எக்ஸ்-5இன் 115 எங்கே? எம்எக்ஸ்-5ஐ வாங்கினால் வருந்த மாட்டேனா?

பதில்: நீண்ட நேர்ப்பாதையில் 325ஐ உங்களைக் கடந்து போகும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதன் எடை ஏறக்குறைய 1,200 கிலோ, எம்எக்ஸ்-5 ஆயிரத்துக்குள் அடங்கும். அந்த வேறுபாட்டை ஒவ்வொரு திருப்பத்திலும் டயர்களும் பிரேக் பேடுகளும் சுமக்கின்றன, அவற்றுக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள். போட்டிகளில் பொதுவாக வகுப்பு பிரித்தே ஓட்டுவார்கள், ஆகவே இவ்விரண்டும் நேருக்கு நேர் மோத வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

கேள்வி: நான் ஏற்கெனவே 325ஐ வாங்கிவிட்டேன். முதலில் எதைக் கவனிப்பது?

பதில்: டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் பெல்ட். அந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும், எம்எக்ஸ்-5இன் 1.6இல் அப்படி நேராது, கார் நின்றுபோவதோடு சரி. பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: என் எம்எக்ஸ்-5 டிராக்கில் சூடாகிறது. ரேடியேட்டரை மாற்றினால் போதுமா?

பதில்: பழைய ரேடியேட்டராக இருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் காரணம் இன்னும் ஆழமானது. அந்த என்ஜின் குடும்பம் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக வைப்பதற்காக உருவானது. எம்எக்ஸ்-5இல் நெடுக்காக வைத்தபோது தெர்மோஸ்டாட்டின் (சூடான நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வின்) வழியை முன்புறத்துக்கே கொண்டுவந்துவிட்டதால், நீர் உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் முன்னாலேயே நடந்து, பின் சிலிண்டர்களுக்குப் போதிய குளிர்ச்சி கிடைப்பதில்லை. வெளியேறும் வழியை சிலிண்டர் ஹெட்டின் (என்ஜினின் மேல்மூடியின்) பின்புறத்துக்கு மாற்றுவதே தெரிந்தவர்கள் செய்யும் திருத்தம்.

கேள்வி: வாங்கியவுடன் இருக்கைகள், ஏசி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்: டாட் 4 தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும், அப்போது பெடல் தரைவரை போகும். எம்எக்ஸ்-5 திறந்த கார் என்பதால் கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என்ற இரும்பு வளைவு தலைக்குப் பின்னால் அவசியம். ஹெல்மெட்டில் ஸ்னெல் அமைப்பு கார் பந்தயத்துக்கென வழங்கும் எஸ்ஏ முத்திரையைப் பாருங்கள். பைக்குக்கான எம் முத்திரைக்குத் தீத்தாங்கும் சோதனை கிடையாது. இவற்றுக்குப் பிறகு நான்கைந்து முறை டிராக்கில் ஓட்டிவிட்டு, ஸ்பானரை அப்போது எடுங்கள்.