முதலில் மீதிப் பணம்

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறேன். எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டம்), அன்றாட வாழ்வில் கண்ட ஒரு விசுவாசப் பாடத்தை வாராவாரம் எழுதி வாசிப்பது என் பொறுப்பு. பணியார மாவு, கண்டாங்கிச் சேலை, ஊருணித் தண்ணீர் என்று எத்தனையோ எழுதினேன். இப்போது எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியாக நன்றாக வந்தது ஒன்றுதான். எங்கள் முன்கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த கொத்தனார் மீதிப் பணம் கேட்டு மூன்றாம் தடவையாக வந்தார். கல்லில் வெள்ளை பூத்திருக்கிறது என்று என் கணவர் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த மனிதர் முகம் சுளிக்காமல், மகள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் பொறுமையை விவிலியத்து யோபுவோடு ஒப்பிட்டு எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். பிளஸ் டூ படிக்கும் மகள் மட்டும், "உனக்கு எல்லாமே எழுதத்தான்மா" என்று எழுந்து போய்விட்டாள். பிப்ரவரியில் ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துக்குப் போய் வேண்டிக்கொள்ள இருக்கிறேன். மறுபடி பாடங்கள் கண்ணில் பட என்ன செய்வது?

— பெயர் வேண்டாம்

பதில்: அந்தக் கொத்தனாருக்கு எவ்வளவு பாக்கி, அம்மா? மோர் கொடுத்ததை எழுதினீர்கள், முகம் சுளிக்காததை எழுதினீர்கள், எத்தனையாவது தடவை வந்தார் என்றுகூட எழுதினீர்கள். தொகையை எழுதவில்லை. அவர் வீட்டில் அந்தத் தொகை ஒவ்வொரு நாளும் பேச்சில் வந்திருக்கும்.

யோபு நூலின் 31ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தன் நேர்மைக்கு யோபு கணக்குச் சொல்லும் இடம் அது. விலை கொடுக்காமல் நிலத்தின் விளைச்சலைத் தின்றிருந்தால் கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று தன்மேலேயே ஆணையிட்டுக்கொள்கிறார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த மனிதர் யோபு. அவர் பெயரைக் கடனாளி வீட்டு நோட்டில் எழுதி, பணம் வரவேண்டியவரைப் பொறுமைசாலி என்று புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தப் புகழ்ச்சியால் லாபம் யாருக்கு? இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட உங்கள் வீட்டுக்குத்தான் வசதி.

இந்த விஷயத்தில் வேதம் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியர் 19:13. பொழுது சாயுமுன் கொடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது இணைச்சட்டம் 24:15. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). திராட்சைத் தோட்ட உவமையை எல்லோரும் கடைசியில் வேலைக்கு வந்த ஆளுக்கும் முழுநாள் கூலியான ஒரு தெனாரியம் கிடைத்ததற்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். மத்தேயு 20:8ஐ நிதானமாகப் பாருங்கள்: மாலையானதும், ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடு என்று தோட்டத்துச் சொந்தக்காரர் தம் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். யாரும் கேட்டு வரவில்லை, இவரே கூப்பிடச் சொல்கிறார். விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று நம் மறைக்கல்வி ஏடு 1867ஆம் பத்தியில் வைக்கும் சிறு பட்டியலில், ஆபேலின் இரத்தத்தோடு கூலியாளுக்குச் செய்யும் அநீதியும் இருக்கிறது.

"கல்லில் வெள்ளை பூத்திருக்கிறதே" என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்து, இறுகியதும் சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் கண்ணாடியிலிருந்துதான் மினுமினுப்பு வருகிறது. பதித்த புதிதில் அடியிலிருந்து ஈரம் மேலேறும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். தரை காயக் காய அது குறையும். உலர்ந்த துணியால் துடையுங்கள், நன்றாகக் காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். ஆசிட் பக்கமே போகாதீர்கள், வண்ணத்தைத் தின்றுவிடும். சுவரோரம் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தால் சுவரில் ஈரம் இருக்கிறது, அது வீட்டின் கோளாறு. கையில் வண்ணம் பொடியாக ஒட்டினால் கல் சரியாக ஊறவில்லை, பட்டறையைக் கேட்க வேண்டும். பதித்தவரைக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லையும் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். வெறுமையாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. அந்தக் கற்களில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, அவற்றை மட்டும் மாற்றிப் பதிக்கச் சொல்லலாம். அதற்குரிய சிறு தொகையைத்தான் நிறுத்தலாம். மொத்த மீதியையும் நிறுத்த எந்த நியாயமும் இல்லை.

"பணம் என் கணவர் விஷயம்" என்று கடிதத்தில் எங்கும் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எழுதிய விதத்தில் அதுதான் தெரிகிறது. அந்தக் கூடத்தில் இரண்டு பேரும்தானே நடக்கிறீர்கள்? பீடத்தின் முன் சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களுக்குக் கடனும் சேர்ந்தேதான். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அவரோடு உட்காருங்கள். பேசிய கூலி, கொடுத்தது, மீதி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சண்டை வேண்டாம், கணக்கு போதும். அவர் மறுத்தால் உங்கள் சீட்டுப் பணம் இருக்கும், அதிலிருந்து கொடுங்கள், கொடுத்ததை அவரிடம் சொல்லியும் விடுங்கள். நாலாம் தடவை கொத்தனாரை வரவைக்காதீர்கள். நீங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். மூன்று நடைக்கான பஸ் செலவையும் கெட்ட வேலை நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார் வரி வசூலித்த சக்கேயு, உங்களிடம் கேட்பது அதைவிட ரொம்பக் குறைவு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள்.

மகளையும் கூட்டிப் போங்கள். மோர் டம்ளரை நீட்டியபோது அந்த மனிதரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவள் அவள். பிறகு அதே முகத்தைப் பற்றி அம்மா வாசித்ததையும், கூட்டம் பாராட்டியதையும் கேட்டாள். எழுந்து போனதில் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் நடக்காத விசுவாசத்தை வெளியே கேட்க எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது, இருக்கவும் கூடாது.

ஓரியூர் போங்கள், ஆனால் கணக்கை முடித்துவிட்டுப் போங்கள். திருமுழுக்குக் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரே மனைவியோடுதான் வாழவேண்டும் என்று மறைப்பணியாளர் அருளானந்தர் உறுதியாகச் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுக்காரி. புகார் சேதுபதி வரை போய், 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் தலைவெட்டுண்டதில் முடிந்தது. வீட்டு நடப்பு மாறாத விசுவாசத்தை ஏற்க மறுத்தவரிடம் போகிறீர்கள்.

இனி எழுத உட்காரும்போது, பார்த்த காட்சியில் யாருக்கு நஷ்டம், அதில் என் வீட்டுப் பங்கு என்ன என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒற்றை வசனத்தை அல்ல, முழு அதிகாரத்தையும் படித்து, அதில் நீங்கள் யார் என்று தேடுங்கள். செய்ய வேண்டியது ஏதாவது தென்பட்டால் செய்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். சில வாரம் வாசிக்க ஒன்றும் இருக்காது. அப்போது யாக்கோபு 5ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு உட்காருங்கள், அன்பியத்துக்கு அது போதும். கொத்தனாருக்குப் பணம் கொடுத்ததை மட்டும் எந்தக் கூட்டத்திலும் பாடமாக வாசிக்காதீர்கள்.